மார்னி கூபியாக் ஒரே பக்கத்தில் அடங்கிய விதம்

மார்னி கூபியாக்குக்கு முனைவர் பட்டம் கிடைத்த மறுவாரம் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. ஒன்று, வாழ்த்து. மற்றொன்று, ஆகஸ்டு முடிந்ததும் மாணவர் மருத்துவக் காப்பீடு நின்றுவிடும் என்ற அறிவிப்பு. இரண்டின் அடியிலும் கையெழுத்து ஒரே ஆளுடையது.

அக்டோபரில் மார்னிக்குக் குழந்தை பிறக்க இருந்தது. கணவன் ட்ராய் கூரை போடுகிறவன். அவனுடைய முதலாளி அவனுக்கு ஒரு சுத்தியல் கொடுத்திருந்தார், காப்பீடு கொடுக்கவில்லை. அரசாங்க உதவி பெற ட்ராயின் வருமானம் கொஞ்சம் அதிகம். மற்ற எல்லாவற்றுக்கும் கொஞ்சம் குறைவு. காப்பீடு இல்லாமல் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுவதைவிட வீட்டைக் கொளுத்திவிட்டு வாசலில் பெற்றுக்கொள்வது மலிவு என்று அவன் சொல்வான். சொல்லிவிட்டுச் சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள்.

ஆகவே ஆகஸ்டுக்குள் காப்பீட்டோடு ஒரு வேலை வேண்டும். மார்னிக்குத் தெரிந்ததோ ஏரிப் பாசி. ஒவ்வொரு கோடையிலும் அவர்களுடைய ஏரி பச்சையாகிவிடும். பச்சையாவதில் ஆபத்தில்லை; அந்தப் பாசி எந்த நாளில் நஞ்சைக் கக்கும் என்பது யாருக்கும் தெரியாது, அதுதான் ஆபத்து. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது, கெட்டிப்படும். அது எப்போது வரும் என்று மூன்று நாள் முன்கூட்டியே சொல்ல மார்னி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அந்த வழிக்கு உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் வேலை: அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கிற மாவட்டத்தின் நீர் வாரியத்தில். வாரியத்தின் ஆய்வகத்துக்கு ஒரு விஞ்ஞானி தேவை என்று ஜூன் மாதம் விளம்பரம் வந்தபோது, ட்ராய் அவளைத் தூக்கிச் சுற்றப் போய், வயிறு நினைவுக்கு வந்து, நாய்க்குட்டியைத் தூக்கிச் சுற்றினான்.

"உன் சிவியை அனுப்பு, அவ்வளவுதான். இதுல என்ன இருக்கு?" என்றான்.

இதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லித்தரவே பல்கலைக்கழகம் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. அதன் முழுப் பெயர் 'தொழில் வெற்றி மற்றும் மனித ஆற்றல் மலர்ச்சி மையம்'. நூலகத்தின் பழைய பத்திரிகைகளை அப்புறப்படுத்தி அந்த இடத்தில் கட்டியது. உள்ளே நுழைந்தால் மெத்தை நாற்காலிகள், செயற்கைப் பூக்கள், சுவரில் வெண்கல மணி ஒன்று. யாருக்காவது வேலை கிடைத்தால் மணியடித்து எல்லாரும் கைதட்டுவார்கள். மணியில் தூசி இல்லை. துடைப்பதற்கு ஆள் இருந்தது.

மார்னிக்கு ஒதுக்கப்பட்ட ஆலோசகர் கேண்டஸ் ஹோல்பிரூக். ஏழு வருடம் முன்பு வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு சுயவிவரம் எழுதக் கற்றுக்கொள்ள இதே மையத்துக்கு வந்தவள். இன்னும் வெளியே போகவில்லை.

"எத்தனை பக்கம் செல்லம்?" என்றாள் கேண்டஸ்.

"பன்னெண்டு."

கேண்டஸ் நெஞ்சில் கையை வைத்தாள். கெட்ட நோயின் பெயரைக் கேட்டவள் போல முகம் ஆகிவிட்டது. "பரவால்ல, பயப்படாதீங்க. சரி பண்ணிடலாம். இங்க வர்ற எல்லாருக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் இருக்கும்."

முதல் சடங்கு வழியனுப்புதல். வெள்ளிக்கிழமை தோறும் நடக்கும். அன்று ஒன்பது புது முனைவர்கள் தங்கள் நீளமான சுயவிவரங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முன்னால் காகிதம் கிழிக்கும் எந்திரம், அதன்மேல் ஒரு மாலை. மைய இயக்குநர் டாக்டர் லிண்டல் உரையாற்றினார். வெள்ளைத் தாடி, கழுத்தில் விநாடி எண்ணுகிற கடிகாரம், ஓட்டப்பந்தயப் பயிற்சியாளர்கள் மாட்டிக்கொள்வது போல.

"நண்பர்களே, போன வருஷம் நம்ம மாணவர்கள்ல தொண்ணூத்தி நாலு சதவீதம் பேர் மலர்ந்தாங்க. எப்படித் தெரியும்னு சில பொறாமைக்காரங்க கேக்குறாங்க. நாங்க எல்லாருக்கும் கேள்வித்தாள் அனுப்புறோம். பதில் போட்டவங்க ரொம்பக் கொஞ்சம். பதில் போடாதவங்க எல்லாம் வேலைல அவ்வளவு மும்முரமா இருக்காங்கன்னுதானே அர்த்தம்? நேரம் இருந்தா போட்டிருப்பாங்களே! நான் இந்தப் பதவிக்கு வந்தப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னைக்கும் தெரியாது. ஆனா என் சிவியைப் பாருங்க, அதுல அது தெரியவே தெரியாது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லித்தரப் போறோம்."

கைதட்டினார்கள். ஒவ்வொருவராகப் போய் எந்திரத்தின் வாயில் கொடுத்தார்கள். மார்னியின் எட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளும், ஐந்து கோடைகளும், மாநாட்டுப் பரிசும் நூடுல்ஸாக வெளியே வந்தன. பக்கத்தில் நின்ற தத்துவத்துறைப் பையன் அழுதான். அதற்குக் கண் துடைக்கும் காகிதம் வைத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் மிச்சமிருந்ததைக் கணினியில் போட்டார்கள். நிறுவனங்களின் எந்திரம் போலவே சுயவிவரத்தைப் படித்து மதிப்பெண் போடும் மென்பொருள் ஒன்றை மையம் வாங்கியிருந்தது. மார்னிக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று வந்தது.

"'நஞ்சு'ன்னு பதினாலு இடத்துல போட்டிருக்கீங்க," என்றாள் கேண்டஸ். "அது எதிர்மறைச் சொல். எந்திரத்துக்குப் பிடிக்காது."

"நான் படிச்சதே அதைத்தான். தண்ணியில நஞ்சு."

"படிச்சது பரவால்ல. சொல்லணுமா? 'தண்ணீரின் சவாலான நலக்கூறு'ன்னு போடுவோம். அப்புறம் 'பாசி'. பாசின்னா வழுக்கும்னு ஒரு எண்ணம் வரும். எடுத்துடலாம். 'ஏரி' இருக்கட்டும், ஏரி எல்லாருக்கும் பிடிக்கும்."

"வேலையே பாசி வேலை, கேண்டஸ். விளம்பரத்துலயே இருக்கு."

"செல்லம், அவங்களுக்குப் பாசி தெரிஞ்ச ஆள் வேணும்னு நீங்க நினைக்கிறீங்க. அவங்களுக்கு வேண்டியது கூட உக்காந்து பேச நல்லா இருக்கிற ஆள்."

நஞ்சு போனது. பாசி போனது. மதிப்பெண் எழுபதுக்கு ஏறியது. சரியாகச் சொன்னால், ஏரியில் இனி மார்னியும் கொஞ்சம் தண்ணீரும்தான்.

"இப்ப இந்த ஓட்டை," என்றாள் கேண்டஸ், பேனா முனையால் தட்டி. "மூணாவது வருஷத்துக்கும் நாலாவது வருஷத்துக்கும் நடுவுல. பதினோரு மாசம் ஒண்ணுமே இல்லையே. ஜெயிலுக்குப் போனீங்களா? போயிருந்தாலும் சொல்லலாம், அதுக்கு ஒரு வாக்கியம் இருக்கு."

"அம்மாவுக்குக் கணையத்துல புற்றுநோய். விடுப்பு எடுத்துக்கிட்டு வீட்டுல வெச்சுப் பாத்துக்கிட்டேன்."

"அடடா. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு." சொல்லும்போதே பேனா மூடியைக் கழற்றினாள். "பாத்துக்கிட்டேன்னா மொட்டையா இருக்கு. என்னென்ன செஞ்சீங்க? வினைச்சொல்லா சொல்லுங்க."

மார்னி தன் கைகளைப் பார்த்தாள். "குளிப்பாட்டினேன். புரட்டிப் போட்டேன். ராத்திரியில வாந்தி எடுப்பாங்க, பிடிச்சுக்குவேன்."

"எத்தனை பேரை வெச்சு?"

"யாரையும் இல்ல. வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு நர்ஸ் வருவாங்க. எங்கண்ணன் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான்."

"மூவர் குழு," என்று எழுதிக்கொண்டாள் கேண்டஸ். "முடிவு?"

"செத்துட்டாங்க."

"அது புரியுது. டாக்டர் சொன்ன கெடுவுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"ஆறு மாசம்னு சொன்னாங்க. பதினோரு மாசம் இருந்தாங்க."

கேண்டஸ் கால்குலேட்டரை எடுத்தாள். அவள் கண்கள் உண்மையாகவே பளபளத்தன. அந்த மையத்தில் அவள் உண்மையாக மகிழ்ந்த தருணங்களில் அது ஒன்றாக இருக்கலாம். "மார்னி! எதிர்பார்ப்பை எண்பத்து மூணு சதவீதம் தாண்டியிருக்கீங்க! இதைப் போயி ஓட்டையா விட்டு வெச்சிருந்தீங்களே!"

மார்னி எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். வயிற்றுக்குள் குழந்தை புரண்டது, உட்கார்ந்தே இருந்துவிட்டாள். சுயவிவரத்தின் ஒரே பக்கத்தில் இந்த வரி ஏறியது: 'ஒற்றை வாடிக்கையாளருக்கான முழுநேரத் திட்டத்தை மூவர் குழுவுடன் வழிநடத்தி, இலக்கை 83 சதவீதம் விஞ்சி, கண்ணியமாக நிறைவு செய்தார்.' கண்ணியமாக என்ற சொல்லை மார்னி கேட்டு வாங்கிப் போட்டாள். அவள் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். மதிப்பெண் தொண்ணூற்றாறு.

கடைசிச் சோதனை டாக்டர் லிண்டலிடம். வேலை கொடுப்பவர்கள் ஒரு சுயவிவரத்தை ஆறு விநாடிதான் பார்ப்பார்கள் என்று யாரோ எங்கோ எழுதியிருந்தார்கள். அதை மையம் வேதமாக எடுத்துக்கொண்டது. லிண்டல் கடிகாரத்தை அமுக்கி, காகிதத்தைப் பார்த்து, ஆறாவது விநாடியில் கவிழ்த்து வைத்தார்.

"பேரு பார்த்தேன். சின்னப் பேரு, நல்லது. அப்புறம் பக்கத்து ஓரத்துல வெள்ளை இடம். அந்த வெள்ளை இடத்து மேல எனக்கு ஒரு நம்பிக்கை வந்துச்சு. உங்களை வேலைக்கு எடுத்திருப்பேன்."

"நான் என்ன படிச்சேன்னு பாத்தீங்களா சார்?"

"பாக்கலையே! அதானே வெற்றி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வயிறு பத்தி ஒரு வார்த்தை. சட்டப்படி அவங்க அதைப் பத்திக் கேக்கக் கூடாது. அதனால கேக்காமலேயே வேணாம்னு சொல்லிடுவாங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடியே போய் மேஜைக்குப் பின்னாடி உக்காந்துக்குங்க. எழுந்திரிக்காதீங்க. தீப்பிடிச்சாலும் சரி."

அன்று மாலை ட்ராய் பீட்ஸாவை ஒரு கையிலும் அந்தப் பக்கத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு படித்தான். "யாரு இவ? பெரிய ஆளா இருப்பா போலிருக்கே. இவளைக் கட்டியிருந்தா நான் கூரை ஏறியிருக்க வேண்டாம்." மேலே படித்தவன் ஓரிடத்தில் நின்றான். பீட்ஸாவைக் கீழே வைத்தான். "இது ரோசலியா? உன் அம்மாவா இது?"

"ஆமா."

"அந்தப் பொம்பளை போற அன்னைக்குக் கூட எனக்கு முட்டை பொரிச்சுக் குடுக்கச் சொல்லி உன்னைத் திட்டினாங்க. வாடிக்கையாளராம்ல!"

"ட்ராய், எனக்குக் காப்பீடு வேணும். வேற எதுவும் பேசாத."

அவன் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாயை வெளியே கூட்டிக்கொண்டு போனான். மார்னிக்கு வெட்கமாக இருந்தது. அனுப்பு என்ற பொத்தானை அமுக்கியபோதும் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆகஸ்டு பாதியில் நீர் வாரியம் கூப்பிட்டது. அவள் அரை மணி முன்னதாகவே போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். சன்னலுக்கு வெளியே ஏரி, பட்டாணி சூப் நிறத்தில். மூன்று பேர் வந்தார்கள். வாரியத் தலைவர் கென்ட் வான்டர்லூன் முன்பு கார் விற்றவர். இன்னும் கையைக் குலுக்கும்போது வண்டிச் சாவி கொடுப்பது போலவே கொடுத்தார். மற்ற இருவரும் அவர் சிரிக்கும்போது சிரித்தார்கள்.

"இந்த ஒற்றை வாடிக்கையாளர் திட்டம்," என்று அவர் விரலை நேராக அங்கேதான் வைத்தார். "எனக்கு இதுதான் பிடிச்சிருந்துச்சு. என்ன திட்டம் அது?"

மார்னி இந்தக் கேள்விக்குக் கேண்டஸோடு பதினைந்து தடவை ஒத்திகை பார்த்திருந்தாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் ட்ராய் பீட்ஸாவைக் கீழே வைத்தது கண்முன் வந்தது. இதற்கு மேல் முடியாது என்று தோன்றியது.

"அது எங்கம்மா," என்றாள். "புற்றுநோய். கூட இருந்தேன். செத்துப் போனாங்க. திட்டமெல்லாம் ஒண்ணுமில்ல. அப்படி எழுதினது தப்பு. எனக்குத் தெரிஞ்சது பாசி. இதோ வெளியில இருக்கே, அது எந்த நாள்லயும் நஞ்சு கக்கலாம். மூணு நாள் முன்னாடியே என்னால சொல்ல முடியும். எனக்கு இந்த வேலை வேணும்."

போச்சு, எல்லாம் போச்சு என்று மார்னி நினைத்தாள். நினைத்தபோது பயத்தோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது.

வான்டர்லூன் நாற்காலியில் சாய்ந்து மற்ற இருவரையும் பார்த்தார். "நான் சொன்னேன்ல?" என்றார். "நான் சொன்னேன்ல, இவங்கதான்னு!"

பிறகு மார்னியின் பக்கம் குனிந்து, மிகுந்த பரிவோடு பேசினார். "மார்னி, மனசு விட்டுப் பேசினீங்க, நானும் பேசுறேன். ஆய்வகத்தை மூடப் போறோம். வேற மாநிலத்துல ஒரு கம்பெனி இருக்கு, தண்ணியை பாட்டில்ல போட்டு அனுப்பினா பாத்துச் சொல்லும். ஒன்பது நாள்ல பதில். ஆனா மூடுறதுன்னா சும்மாவா? ஒரு உயிர் போறதைப் பக்கத்துல இருந்து பாத்து, கத்தாம, ஓடாம, கடைசி வரைக்கும் உக்காந்திருக்கிற ஆள் வேணும். அப்படி ஆள் கிடைக்கிறதில்ல. வர்றவன் எல்லாம் காப்பாத்தணும்னு வர்றான்."

"சார், அந்த நஞ்சு வர்றதுக்கு மூணு நாள் போதும். ஒன்பது நாள்ல பதில் வந்தா..."

"அதனாலதான் டாக்டர் பட்டம் உள்ள ஆளைத் தேடினோம்! ஜனங்க கேப்பாங்க. நான் போய்ப் பரவால்லன்னு சொன்னா, கார் விக்கிறவன் சொல்றான்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. எனக்கு அறிவியல் மேல அவ்வளவு மரியாதை உண்டு, மார்னி. அது இல்லாம எதையும் மூட முடியாது." கையை மேஜைமேல் விரித்தார். "பதவிப் பேரு, நிறைவு மேலாளர். செப்டம்பர் ஒண்ணாந்தேதி சேரலாம்."

நல்ல கேள்விகள் பல இருந்தன. ஏரியைப் பற்றி, குழாயைத் திறந்து குடிக்கிற ஒரு லட்சம் பேரைப் பற்றி. மார்னி கேட்டது ஒன்றுதான்.

"காப்பீடு எப்பலேர்ந்து?"

"சேர்ற அன்னைக்கே," என்றார் வான்டர்லூன். "குடும்பத்துக்கே உண்டு." அவர் கண் ஒரு கணம் மேஜை விளிம்புக்குக் கீழே போய் வந்தது. சட்டப்படி அவர் எதுவும் கேட்கவில்லை.

அவள் சரியென்றாள். எழுந்திருக்கவில்லை.

மையத்தில் மணி அடித்தார்கள். லிண்டல் அவளைக் கட்டித் தழுவினார். 'இந்த ஆண்டின் தலைசிறந்த இடைவெளி மாற்றம்' என்று அவள் பெயரைச் சுவரில் மாட்டினார்கள். அந்த வரி இனி பாடமாக வைக்கப்படும் என்று கேண்டஸ் சொன்னாள். இப்போதே இரண்டு பேர் பாட்டியை வைத்து முயற்சி பண்ணுகிறார்கள் என்றாள். "எப்படி இருக்கு, செல்லம்?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் கேள்வித்தாளை நீட்டினாள். மார்னி அதை நிரப்பிக் கொடுத்தாள். தொண்ணூற்று நான்கு சதவீதத்தில் முதன்முறையாக ஓர் உண்மையான ஆள் சேர்ந்தாள்.

செப்டம்பர் முதல் தேதி காலையில் காப்பீட்டு அட்டையை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அதை ஒரு தடவை தடவிப் பார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மார்னி படகுத்துறை ஓரத்து ஆய்வகத்துக்குப் போனாள். அங்கே ஓர் ஆள்தான் இருந்தார். ஆர்வில் டீக். அறுபது வயதைத் தாண்டியவர். தினமும் படகில் போய்த் தண்ணீர் அள்ளி வந்து சோதிப்பது அவர் வேலை. ஒரு பெட்டி டோனட் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வாம்மா, வா! பாசி படிச்ச பொண்ணை எடுத்திருக்காங்கன்னு கேட்டதும் வீட்டுல போய்ச் சொன்னேன், கடைசியில புத்தி வந்துடுச்சுடி இவனுங்களுக்குன்னு. உக்காரு. இந்த நிலைமையில நிக்காத. எத்தனாவது மாசம்?"

"எட்டு." அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மார்னி ஒரு டோனட் எடுத்துக்கொண்டாள். பாதி தின்றாள். பிறகு மதியத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டியதைச் சொன்னாள்: ஆய்வகத்தை மூடுகிறார்கள், அவர் வேலை போகிறது. தன் சம்பளம் அவர் சம்பளத்திலிருந்துதான் வருகிறது என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை.

ஆர்வில் கத்தவில்லை. டோனட் பெட்டியை மெதுவாக மூடினார். "காப்பீடு?" என்றார்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும்."

"லுவானுக்கு வாரா வாரம் ஊசி போடணும்மா. என் பொண்டாட்டிக்கு." சன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். இன்றைக்கு அள்ளிய தண்ணீர் மேஜைமேல் பாட்டிலில் இருந்தது, இனி வெளிமாநிலத்து முகவரி ஒட்ட வேண்டியதுதான். "எனக்கு இனிமே யாரு வேலை குடுப்பா? நாப்பது வருஷமா நான் வேற எங்கயும் கேட்டதில்ல. பேப்பர் எழுதணும்னு சொல்றாங்க. என்னத்தை எழுதுறது?"

மன்னிச்சுக்குங்க என்று சொல்லத்தான் மார்னி வாயைத் திறந்தாள்.

"ஒரே பக்கம், ஆர்வில்," என்றாள். "அதுக்கு மேல போகக் கூடாது. வயசு போடாதீங்க."

அவர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். பென்சிலைத் தேடினார். அவள் கொடுத்தாள்.

"நாப்பது வருஷம் படகு ஓட்டித் தண்ணி அள்ளினேன்னு போடட்டுமா?"

"படகுன்னு போடாதீங்க," என்றாள் மார்னி.